வெந்தயத்தில் எழுத வைத்த ஜெசிந்தா டீச்சர்

ஜெசிந்தா டீச்சர் காலமான செய்தியை நானே படித்தேன். காலை ஏழு மணி. குரோட்டன் வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் சத்தமிட்டது. நம் அபார்ட்மெண்டின் தமிழ்க் குடும்பங்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் நிலாவின் அம்மா எழுதியிருந்தார். நான் மெதுவாகப் படிப்பவன். 'ஜெசிந்தா டீச்சர்' என்ற இரண்டு சொற்களைப் படித்து முடித்ததும் மகிழ்ந்துபோனேன். உடம்பு சரியாகி, நாகர்கோவிலில் தம்பி வீட்டிலிருந்து திரும்பி வருகிறார், பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்பைப் பற்றிய அறிவிப்பு என்று நினைத்தேன். அடுத்த சொல்லுக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

என் அப்பா இறந்ததையும் அண்ணன் இறந்ததையும் யாரோ வந்து, தோளில் கை வைத்துச் சொன்னார்கள். இந்த ஒரு சாவைத்தான் நானே எழுத்துக் கூட்டித் தெரிந்துகொண்டேன். அப்படித் தெரிந்துகொள்ளக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

டீச்சரின் நினைவு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். நக்கோ, வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். ஒன்பது நாளாக எழுதுகிறேன். துக்கமாக எழுத வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் உட்காருகிறேன். அவரை நினைத்தால் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அவரைத் தெரிந்தவர்கள் மன்னிப்பீர்கள்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக: நான் பழனி. பேகம்பேட்டில் இந்த அபார்ட்மெண்ட் எழும்பிய நாளிலிருந்து தோட்ட வேலை என்னுடையது. அப்பா செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் இருந்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் வழியிலிருந்த ஒரு பங்களாத் தோட்டத்தோடு நின்றுவிட்டேன்.

ஆறு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சி பிளாக் இரண்டாம் மாடிக்கு வந்திருந்த டீச்சர் பதினோரு பிள்ளைகளோடு கீழே இறங்கி வந்தார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் உடைந்த முட்டை ஓடு.

"அண்ணாச்சி, ரெண்டு கூடை மண்ணு தருவீங்களா?"

"நக்கோ டீச்சரம்மா. பிள்ளைங்க உள்ள வந்தா என் ரோஜாவுல ஒண்ணு மிஞ்சாது."

"ஒங்க ரோஜாகிட்டயே வரமாட்டோம். மண்ணு மட்டும் தாங்க. வேணும்னா பிள்ளைய கைய எண்ணி உள்ள விடுங்க, எண்ணி வெளிய விடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண் கொடுத்தேன். அவர்கள் ஓடுகளின் மேல் கண், மூக்கு, வாய் வரைந்தார்கள். உள்ளே மண் போட்டுக் கடுகு தூவினார்கள். கடுகு முளைத்து வந்தால் முட்டைக்குத் தலைமுடி. அயான் என்கிற எட்டு வயதுப் பையன் ஒரு முட்டைக்குப் பெரிய மீசை வைத்து என்னை வரைந்திருந்தான். ஐந்தாம் நாள் பத்து முட்டைகளுக்கு அடர்ந்த முடி. என் முட்டை மட்டும் மொட்டை. "சேம் டு சேம் தாத்தா!" என்று அவன் குதித்தான். டீச்சர் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு என் ரோஜாக்களின் கதவு திறந்தது.

மார்ச் வந்தால் இந்த ஊர் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். டீச்சர் ஏதோ புத்தகத்தைப் பார்த்து, வசந்த காலத்தில் நாற்றுகளை நல்ல வெயிலில் வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றினார். நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இரண்டே நாளில் தக்காளி நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. அவர் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. "அந்தப் புத்தகம் எழுதினவன் பேகம்பேட்ட பாத்ததில்லயாக்கும்" என்றார். பிறகு பழைய செய்தித்தாள்களை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு காகிதத் தொப்பி மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். காற்றில் பறக்காமல் ஈர்க்குச்சி குத்தினோம். நாற்பது செடிகள் தொப்பி போட்டு வரிசையாக நின்றதைப் பார்க்க வேலைக்குப் போகிறவர்கள்கூடக் கார்களை நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறி வந்தார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் நான் எழுதியாக வேண்டும்.

அந்த மார்ச்சில் டீச்சர் வெந்தயம் ஊறவைத்துக் கொண்டுவந்தார். தட்டையான பிளாஸ்டிக் தட்டுகளில் தென்னை நார்த் தூளைப் பரப்பினோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் முதல் எழுத்தைப் போல விதையைத் தூவியது. தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ, அவரவர் இஷ்டம். பத்து நாளில் எழுத்து பச்சையாக எழுந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் விதை தூவும்போது நான் போர்வெல் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன்; எழுத்து என்ற பேச்சே என் காதில் விழவில்லை. திங்கட்கிழமை பரீட்சை தொடங்கியது. பிள்ளைகள் தட்டுகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் முளைவிட்டது. பார்த்தேன். ஓர் இடத்தில் நெருக்கமாக, ஓர் இடத்தில் வெற்றாக, கோணல்மாணலாக முளைத்திருந்தது. சின்னக் கைகள், தூவத் தெரியவில்லை என்று நினைத்தேன். நானும் வெந்தயம் ஊறவைத்து, வெற்றிடம் எல்லாவற்றையும் நிரப்பினேன். நெருக்கத்தைக் கலைத்துவிட்டேன். பத்தாம் நாள் மேலே ஒரே மட்டமாகக் கத்தரித்தும் வைத்தேன். புல்தரை தோற்றுப்போகும். வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் வெந்தயம் வளர்த்ததில்லை.

சனிக்கிழமை மாலை பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நான் பெருமையாக நின்றேன்.

நிலாவுக்கு அப்போது பத்து வயது. வீட்டில் பேசும் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "நா லெட்டர் எக்கட?" என்று கேட்டாள். என் எழுத்து எங்கே என்று கேட்டவள் அப்படியே அழத் தொடங்கினாள். "க்யா கரே தாத்தா ஆப்?" என்றான் அயான், என்ன செய்துவிட்டீர்கள் என்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவை எழுத்துகள். எனக்கு அவை முளைப்பு.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை அறுபத்தைந்து வயது வரை இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். இந்தப் பிள்ளைகள் எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். 'தாத்தாவுக்கு எல்லாம் தெரியும்' என்பார்கள். அந்த ஒரு பெயர் போய்விடும் என்று பயந்தேன்.

"அண்ணாச்சி, இடையிலயும் வித போட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஹவ் டீச்சரம்மா, போட்டேன். பிள்ளைங்க கை தப்பிருச்சுன்னு..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு அழுதீங்க? பழனி அண்ணாச்சி பச்சைக் காகிதமாக்கும் செஞ்சு தந்திருக்காரு! பாருங்க, எவ்வளவு மட்டமா வெட்டி வச்சிருக்காருன்னு. இனி நீங்கதான் அதுல எழுதணும். கத்தரி எங்க?"

மேலே ஓடிப்போய்க் கோலமாவு கொண்டுவந்தார். ஒவ்வொரு தட்டிலும் மாவால் எழுத்தைப் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் அந்தக் கோட்டின் மேல் கத்தரியால் வெட்டிக்கொண்டே போனார்கள். பச்சைக்குள் எழுத்து பள்ளமாக, துல்லியமாக வந்தது. விதையில் போட்டிருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது. நிலா அழுகையை மறந்து அயானின் தட்டையும் சேர்த்து வெட்டப் போய், இருவருக்கும் சண்டை.

எல்லோரும் போன பிறகு நான் வாய் திறந்தேன். "கண்ணாடி கொண்டுவரலன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்று முந்திக்கொண்டார். "விதைப் பொட்டலத்த நீங்க படம் பாத்துதான் எடுக்கீங்க. நான் ரொம்ப நாளா பாக்கேன்."

"யாருக்கும் சொல்லிராதீங்க."

"சொல்லதுக்கு என்ன இருக்கு? திங்கக்கிழம பதினோரு மணிக்கு வாங்க. பிள்ளைய எல்லாம் ஸ்கூலுக்குப் போயிருக்கும்."

"இந்த வயசுலயா?"

"முருங்க நடும்போது எந்தக் கொம்ப வெட்டுவீங்க?"

முற்றிய கொம்பைத்தான் வெட்டுவேன். இளங்கொம்பு அழுகிவிடும். என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார்.

திங்கட்கிழமை பென்சில் கொடுத்தார். அது என் விரலில் நிற்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வெந்தயத் தட்டை என் முன்னால் வைத்துக் கத்தரியைக் கொடுத்தார். "ஒங்க எழுத்து சுலபமாக்கும். கீழ எறங்குங்க, நேரா போங்க, மேல ஏறுங்க." வெட்டினேன். ப. ஐம்பது வருடமாகச் செடிகளுக்கு உருவம் கொடுத்த கை, அன்று என் பெயரின் முதல் எழுத்துக்கும் உருவம் கொடுத்தது. வெட்டிய கீரையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி பருப்பில் போட்டாள். அந்த வருடம் வாரத்துக்கு இரண்டு எழுத்தாகச் சாப்பிட்டோம். 'ழ' மட்டும் வளைந்து வளைந்து போய் இரண்டு மாதம் என்னைப் படுத்தியது. "இன்னைக்கும் வெந்தயப் பருப்பா? பரீட்சையில ஃபெயிலா?" என்று கேட்டாள். வீட்டில் அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் பிள்ளைகள் தட்டு நிறைய விதைத்து, வெட்டித்தான் எழுதினார்கள். டீச்சர் தன் வாக்கைக் காப்பாற்றினார். நான் தினமும் அவரிடம் படித்தேன். பெயர்ப்பலகை, பஸ் எண், மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஆறு வருடத்தில் ஒரு பார்வையால்கூட யாருக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் அவருக்காகக் கூடினோம். நிலா இப்போது பதினோராம் வகுப்பு. எழுந்து பேசினாள். டீச்சரின் வகுப்பிலேயே தனக்கு மறக்க முடியாதது பச்சைக் காகிதம்தான் என்றாள். "அது பழனி தாத்தாவோட ஐடியா" என்று சொல்லி என்னைக் கைகாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. டீச்சருக்குச் சேர வேண்டியதை அவருடைய படத்துக்கு முன்னாலேயே நான் வாங்கிக்கொண்டேனே.

ஆகவே எழுதுகிறேன். நிலா, அது என் யோசனை இல்லை. அவை எழுத்துகள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. உன் எழுத்தை அழித்தது நான். அதிலிருந்து பச்சைக் காகிதத்தைச் செய்தது டீச்சர்.

டீச்சர் ஊருக்குப் போனதிலிருந்து வகுப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று சனிக்கிழமை. இந்த வருடத்துச் சின்னப் பிள்ளைகளிடம் இதை வாயாலும் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெண் குழந்தை மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்: "டீச்சர் யாருக்குமே சொல்லலியா? எங்க அம்மாவா இருந்தா பில்டிங் முழுக்கச் சொல்லியிருப்பாங்க." அவள் பெயரை எழுதவில்லை. அம்மா இதைப் படிப்பார்.

டீச்சர் எனக்குத் தந்த எழுத்துகளை நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறொன்று. எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒன்று தெரியாது. அது எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளை, என்ன தெரியாது என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் லீவு. பதினோரு மணிக்குத் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன்.