தலை சாய்த்த இடம்

அருங்காட்சியகங்களுக்குப் போகும் பழைய மரப்பொருட்களைச் சுத்தம் செய்வது என் வேலை. ராயபுரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் ஜமீலாம்மா, பரம்பரையாக வந்த தேக்கு நாற்காலியை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வந்ததால் அவர் வீட்டுக்கே போயிருந்தேன்.

மென்மையான பிரஷால் தூசியைத் தட்டினேன். சாய்மானத்தில் எண்ணெய்க் கறை கருப்பாகப் படிந்திருந்தது. பஞ்சில் கறை நீக்கும் கரைசலைத் தொட்டு, முதலில் மறைவான மூலையில் சோதித்தேன். மரத்தின் நிறம் மாறவில்லை. தைரியமாகக் கறையைத் துடைத்தேன். பாதி போயிருக்கும், டீ கொண்டுவந்த ஜமீலாம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"அது அவரு தலை சாய்ச்ச எடமுங்க, கண்ணு."

அவர் கணவர் சமீபத்தில்தான் இறந்திருந்தார். பஞ்சை மரத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

"மீதியை விட்டுறட்டுங்களாம்மா?"

டீயைக் கீழே வைத்தார். "இல்லீங்க, தொடச்சிருங்க. ஊரே வந்து பாக்கற எடத்துல அது எதுக்குங்க? அந்தப் பஞ்ச மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

துடைத்து முடித்தேன். குப்பைக்குப் போகவேண்டிய பஞ்சுகளை ஒரு டப்பாவில் வைத்து மூடினார். அதில் கரைசல் வாடைதான் வீசும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்காலி இப்போது கண்ணாடிக்குள் சுத்தமாக இருக்கிறது. அன்று நான் எதைப் பாதுகாத்தேன் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.