ஆர்கிட் பூப்பதற்குள்

எங்கள் வீட்டில் யாரும் ஆசைக்குச் செடி வளர்த்ததில்லை. பல்லடத்தில் தறிப்பட்டறை போட்ட பிறகும் அப்பா உள்ளுக்குள் விவசாயிதான். காய்க்காத செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் அவர் கணக்கில் தண்டம். அப்படிப்பட்ட வீட்டுக்கு அப்பாவின் தங்கை, என் அத்தை, வால்பாறையிலிருந்து ஒரு துணிப்பையோடும் ஓர் ஆர்கிட் செடியோடும் வந்து சேர்ந்தாள்.

மாமாவுக்கு அங்கே எஸ்டேட்டில் வேலை. அவர் ஏன் கூட வரவில்லை என்று பெரியவர்கள் என் முன்னால் பேசிக்கொள்ளவில்லை. நான் அத்தையிடமே கேட்டேன்.

"இந்தச் செடி மறுக்கா பூக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு கண்ணு" என்றாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவும் அப்பாவும் விடிந்தால் பட்டறைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் தறிச்சத்தமும்தான். அத்தை வந்த பிறகுதான் தலைபின்னிவிடவும், சாப்பிடும்போது எதிரில் உட்காரவும் எனக்கு ஆள் கிடைத்தது. அவள் போகவே கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தங்கை மேல் பாசம் அதிகம். கரித்துண்டிலும் ஓட்டுச்சில்லிலும் நின்றிருந்த செடி பட்டினி கிடக்கிறதென்று இரக்கப்பட்டு, பெரிய தொட்டியில் செம்மண்ணும் சாணி எருவும் நிரப்பி நட்டார். காலையும் மாலையும் குடத்தோடு சாய்த்தார். எரு போட்டால் எதுதான் வராது என்பது அவர் கட்சி. கொஞ்ச நாளில் தடித்த இலைகளெல்லாம் தண்ணீரே காணாதவை மாதிரி சுருங்கித் தொங்கின. அப்பா இன்னொரு குடம் ஊற்றினார்.

எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். செடி செத்தால் பூ ஏது, பூ இல்லாவிட்டால் மாமா ஏது? ஆனால் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது அத்தை அந்தத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புடுங்கி வேறு எதிலாவது வைக்கலாமா என்று கேட்டேன்.

"அண்ணன் வெச்சது அம்மணி. நான் புடுங்கினா நல்லாருக்காது."

"அப்ப நான் புடுங்கறனுங்க அத்தை."

பிடுங்கினேன். வேரெல்லாம் அழுகிக் கொழகொழவென்று வந்தது. வேர் போன செடிக்கு ஆற்றையே திருப்பிவிட்டாலும் குடிக்கத் தெரியாது என்றாள் அத்தை. அழுகலைப் பிளேடால் நறுக்கி, வெட்டின இடத்தில் மஞ்சள்தூள் அப்பி, தேங்காய் மட்டையும் கரியும் போட்டு உட்காரவைத்தாள். வெயில் நேராக விழாத ஜன்னலில் அதை வைத்தோம். காலையில் மட்டையை நனைத்து வடியவிட வேண்டும், குருத்தில் ஒரு சொட்டும் நிற்கக் கூடாது. அது என் வேலையாயிற்று. விளையாட்டுக்குப் பிடுங்கிவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு, அதோடு சரி.

பச்சை நுனியோடு புதுவேர் எட்டிப் பார்த்த அன்று அத்தை பாயசம் வைத்தாள். இலைகள் நிமிர மாதக்கணக்கானது. அடுத்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு தண்டு நீண்டு மொட்டு விட்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை பெட்டியிலிருந்த பட்டுப்புடவையை எடுத்து உதறி மடித்து வைத்தாள். பொள்ளாச்சி பஸ் வரும் நேரமெல்லாம் வாசலில் ஏதாவது வேலை பார்த்தாள்.

வெள்ளை வெள்ளையாகப் பூக்கள் விரிந்தன. வாரக்கணக்கில் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மாமா வரவில்லை.

கடைசிப் பூ விழுந்த அன்று அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தேன். மாமா வரவே இல்லை, மாரியாத்தா கேட்டுவிட்டாள், இனி நீங்கள் இங்கேயேதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். "ஆமாங் கண்ணு. இனி இங்கயேதான்."

ஊரிலேயே என்னைவிடக் கொடுத்துவைத்தவள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.