இரண்டு இரும்பு போல்ட்டுகள்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு, ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு மேடம் வருவார். ஒல்லியான உருவம், காதோரம் நரை. நூலில் கட்டிய சிறு காந்தம் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டு, இழுக்கிறதா என்று பார்ப்பார். டீ கிளாஸைக்கூட விட்டதில்லை.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள் கேட்டார். நடுவில் தண்ணீர்போல் ஓடும் உலோகத்தை ஊற்றிச் சுற்றவிட்டு, வெளியே காந்தம் வைத்தால் அது எப்போது தடுமாறுகிறது என்று பார்ப்பாராம். எட்டாவதோடு நின்ற எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். இரும்பு மட்டும் கூடாது என்றார். கடைசி நாளில், உருளையின் மூடியை இறுக்கக் காந்தம் இழுக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் இரண்டு குறைந்தது. முலாம் பூசிய இரும்பு போல்ட்டைப் போட்டுவிட்டேன். கம்பெனி வேலையில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கென்று அவர் காந்தத்தை எடுக்கவில்லை. "நீங்க செஞ்சதுதானே" என்றார்.

ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இனிப்போடு வந்தார்.

"தடுமாறுதுங்க! ஒவ்வொரு சுத்துக்கும் மீட்டர்ல தெரியுது. ஆராய்ச்சி இதழுக்கு எழுதி அனுப்பப் போறேன்."

"அனுப்பாதீங்க மேடம். அதுல ரெண்டு போல்ட்டு இரும்பு. சுத்தி வர்றப்பல்லாம் அதான் மீட்டர ஆட்டுது போல."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"பயம் மேடம். தூக்கமே இல்ல."

"இனிமே நீங்க தூங்குங்க. எனக்குத்தான் போச்சு" என்று இனிப்புப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

போன வாரம் அந்த உருளைக்குப் புது மூடி வாங்க வந்தார். வழக்கம்போல் காந்தத்தை எடுத்து டீ கிளாஸைப் பார்த்தார். மூடியை மட்டும் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார். எதை நம்பி என்று எனக்கு விளங்கவில்லை. அவர் வருவதற்குள் அதை நானே ஆறு தடவை காந்தம் வைத்துப் பார்த்திருந்தேன்.