பாட்டில் மேடம் தன்மேல் எழுதிய குறை

மறதிநோய் வந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். வரவேற்பறைச் சோபா, மீன்தொட்டி, சுவரில் மாட்டிய சான்றிதழ், தரையில் உங்கள் முகம் தெரிகிறதா என்பது. அதில் திருப்தியாகி அப்பாவையோ அம்மாவையோ சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். அங்கே குடியிருக்கப்போவது மீன் அல்ல.

நான் சொல்லப்போகும் பெண்மணி சோபா பக்கம் திரும்ப மாட்டார். இத்தகைய இல்லங்களின் தரத்தையும் பாதுகாப்பையும் சோதிக்கும் அரசுப் பரிசோதகர் அவர். வயது ஐம்பத்து மூன்று. முன்பு பத்து வருடம் மருத்துவமனையில் நர்ஸ். தோள்பையில் எப்போதும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கும். எந்த இல்லத்துக்குப் போனாலும் வாசலிலேயே நின்று அதில் பாதியைக் குடிப்பார். கொஞ்ச நேரத்தில் கழிப்பறை தேவைப்படும். அது எவ்வளவு தூரம், வழியில் தரை வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, உள்ளே மணியை அழுத்தினால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது எல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். மற்றவர்கள் கோப்பைப் புரட்டி எடைபோட்டதை இவர் தன் அடிவயிற்றால் எடைபோட்டார்.

இல்லங்களின் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பாட்டில் மேடம். அது அவருக்கும் தெரியும். "இதுக்கு முன்னாடி இருந்தவங்கள குக்கர் மேடம்னு சொல்வாங்க. எப்பப் பாரு விசில். அதுக்கு இது தேவல" என்பார்.

வீட்டிலும் அவர் கண் சும்மா இருக்காது. விருந்தாளி பிஸ்கட் கொண்டுவந்தால் முதலில் காலாவதித் தேதி, பிறகுதான் நலம் விசாரிப்பு. கணவர் கணக்கு வாத்தியார். அவருக்கு எதற்கும் மார்க் போட்டாக வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், மாடிப்படியில் விளக்கு இல்லை என்று இவர் சொல்ல, நூற்றுக்கு நாற்பது என்று அவர் சொல்ல, அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றது. மகள் பிறகு தானாகவே ஒருவனைத் தேடிக்கொண்டாள். அவன் எலக்ட்ரீஷியன்.

விஷயத்துக்கு வருகிறேன். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு மாடிக் கட்டடத்தில் ஓர் இல்லம் இருக்கிறது. முப்பத்தொரு பேர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாட்டில் மேடம் போவார். இந்த முறை போனபோது நிர்வாகி அம்மாள் வாசலிலேயே நின்றார். வெள்ளையடித்த மாதிரி முகம் முழுக்கச் சிரிப்பு. போன தடவை சொன்ன குறை எல்லாம் தீர்த்தாயிற்று என்றார். உண்மைதான். நடைவழி முழுக்கப் புது பெயின்ட், இளம் பால்நிறம். சுவர், கதவு, கைப்பிடி எல்லாம் ஒரே நிறம். மேடம் தண்ணீரைக் குடித்தார். நான்கு வருடமாக வருகிறவர் என்பதால் மாடிப்படி தாண்டி இடப்பக்கம் இரண்டாவது கதவைத் திறந்து போய் வந்தார். கம்பி உறுதி, சோப்பு இருந்தது, மணி அடித்து ஒன்றரை நிமிடத்தில் ஆள் வந்தது. எல்லாவற்றுக்கும் சரி போட்டார்.

அங்கேதான் ஏமாந்தார். தவறு செய்ய வைத்தது அவருடைய நல்ல ஞாபகசக்தி.

டிரைவர் ஐயாவைப் பற்றிய பேச்சு அதன்பின் வந்தது. முப்பத்தாறு வருடம் பேருந்து ஓட்டிய மனிதர், எழுபத்தெட்டு வயது. யாரையும் நோகப் பேசாதவர். அவர் இப்போது நாள் முழுக்க நடைவழியில் அலைகிறாராம். துண்டுகள் அடுக்கும் அலமாரியைத் திறந்து அதற்குள் சிறுநீர் கழிக்கிறார். தடுத்த ஊழியரைத் தள்ளிவிட்டார். நோய் முற்றிவிட்டது, நாள் முழுக்க அடங்கிக் கிடக்க மாத்திரை கொடுத்து மேல்மாடியில் பூட்டிய பகுதிக்கு மாற்றப்போகிறோம், மாலை நான்கு மணிக்கு மகள் வந்து சம்மதக் கையெழுத்துப் போடுவார் என்றார் நிர்வாகி. சொந்தக்காரர்கள் எல்லாம் விதி என்று அந்த மகளைத் தேற்றியும் விட்டார்களாம்.

விதி! இந்தச் சொல்லைப்போல் மனிதனைச் சோம்பேறியாக்கியது வேறொன்றும் இல்லை. யாரோ ஒருவர் விதி என்று சொன்னதும் மற்ற எல்லாரும் காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். பாட்டில் மேடம் நிறுத்தவில்லை. சம்பவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்.

ஐந்து மாதம் முன்புவரை டிரைவர் ஐயா பெயரில் ஒரு வரிகூடக் கிடையாது. அதன்பின் வாரத்துக்கு நான்கு ஐந்து. பக்கத்தைப் புரட்டினால் அவர் மட்டும் இல்லை. பூச்செடித் தொட்டியில் ஒருவர், வராண்டா மூலையில் ஒருவர், நடக்கும்போதே உடையை நனைத்த பாட்டிமார் ஏழு பேர். எல்லாம் அதே ஐந்து மாதம். ஒரே மாதத்தில் பத்துப் பேருக்கு மூளை ஒன்றாகத் தேய்ந்ததா?

அங்கே நீண்ட நாளாக வேலை பார்க்கும் பராமரிப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த மாதம் இங்கே என்ன மாறியது என்று கேட்டார். புது ஆள், புது மருந்து, சாப்பாட்டு நேரம் எதுவும் மாறவில்லை என்றாள் அவள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"ஒண்ணும் மாறல மேடம். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னு பெயின்ட் அடிச்சோம், அவ்வளவுதான்."

மேடம் தன் பையிலிருந்த பழைய அறிக்கையை எடுத்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'கழிப்பறைக் கதவுகளில் நீல வண்ணம் உரிந்துள்ளது. முப்பது நாளில் சீர்செய்க.' எந்த நிறத்தில் என்று எழுதவில்லை. மறந்துபோனவர்களுக்கு அந்த நீலம்தான் வழிகாட்டி. கதவு எங்கே என்று மூளை சொல்லாதபோது கண் சொல்லிக்கொண்டிருந்தது. பரிசோதகரை மகிழ்விக்கச் சுவரோடு சுவராகக் கதவையும் பூசி, முப்பத்தொரு பேரின் கழிப்பறையை ஒரே நாளில் மறைத்துவிட்டார்கள். பலகை மாட்டியிருக்கிறோமே என்றார் நிர்வாகி. பலகையும் பால்நிறம், எழுத்து பொன்னிறம்.

"நாற்காலி வேணுமா மேடம்?" என்று கேட்டாள் பராமரிப்புப் பெண். மேடத்தின் முகம் அப்படி ஆகியிருந்தது.

"நாற்காலி வேண்டாம். நீலத்துல ஒரு போர்வை இருந்தா கொண்டா."

மணி பத்தரை. நான்கு மணிக்குள் நிரூபிக்க வேண்டும். ஊகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் மாத்திரையை நிறுத்த முடியாது. போர்வையை மடித்துக் கதவின் அளவுக்கு ஒட்டுநாடாவால் ஒட்டினார்கள். டிரைவர் ஐயா தேநீர் குடித்தார். இருபது நிமிடம் கழித்து எழுந்தார். இரண்டு கையாலும் கண்ணுக்குத் தெரியாத ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நடைவழியில் புறப்பட்டார். பின்னால் மேடம், நிர்வாகி, பராமரிப்புப் பெண் மூவரும் பூனைபோல் நடந்தார்கள். அவர் அலமாரியைத் தாண்டினார். நீலத்தின் எதிரே நின்றார். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

வெளியே மூன்று பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் பராமரிப்புப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே வந்தவர் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏன் இப்படி முண்டியடிக்கிறீங்க? ஒவ்வொருத்தரா ஏறுங்க."

ஒரு தடவை சரியாக வந்தது தற்செயலாக இருக்கலாம் என்று மேடம் போர்வையைக் கழற்றச் சொன்னார். பராமரிப்புப் பெண்ணுக்கு மனமே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஐயா வெறும் கதவைக் கடந்து நேரே அலமாரிக்குப் போனார். கடைசி நொடியில் கையைப் பிடித்துத் திருப்பினார்கள். மறுபடி ஒட்டினார்கள். மூன்று மணிக்கு மறுபடி நீலத்துக்குள் போனார். அதற்குள் இரண்டு பாட்டிமாரும் யாரும் சொல்லாமல் போய்வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தக் கதவு என்று அதையே திட்டிவிட்டு வந்தார்.

நான்கு மணிக்கு மகள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேடம் அவளை உட்காரவைத்துப் பதிவேட்டையும் பழைய அறிக்கையையும் காட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள்.

"அஞ்சு மாசமா எங்கப்பாவுக்கு முத்திப்போச்சுன்னு சொன்னீங்க. நானும் நம்பி அவரைத் திட்டினேனே."

"திட்டறதா இருந்தா என்னைத் திட்டும்மா. எழுதினது நான்."

மகள் திட்டவில்லை. பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போனாள். இல்லத்துக்கு வரும் டாக்டர் அன்று மாலையே தொலைபேசியில் மாத்திரையை நிறுத்திவைத்தார். மேல்மாடி அறை காலியாகவே கிடந்தது. அவ்வளவு பெரிய நீலப் போர்வை பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நிர்வாகி கடைசியாக ஒரு முறை முனகினார். யார் கண்ணுக்கு என்று மேடம் திருப்பிக் கேட்டதும் பெயின்டருக்குப் போன் போட்டார்.

அறிக்கைப் படிவத்தில் 'குறைக்குப் பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. நிறுவனம், ஊழியர், ஒப்பந்தக்காரர் என்ற மூன்றில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும். மேடம் அவற்றுக்குக் கீழே ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, 'பரிசோதகர்' என்று எழுதிச் சரி போட்டார். மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு, படிவத்தில் அப்படி ஓர் இடமே இல்லையே என்றார். அதனால்தான் வரைய வேண்டியிருந்தது என்றார் இவர். உண்மைக்கு இடம் வைக்காத படிவத்தைத்தான் இத்தனை வருடமாக நிரப்பியிருக்கிறார்கள். அடுத்த அச்சில் அந்தக் கட்டம் வருமா என்று தெரியவில்லை. இவர் ஸ்கேலைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

வீட்டில் கதையைக் கேட்ட கணவர், "அப்ப உனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார்.

"போன அறிக்கைக்கு முட்டை. இதுக்கு எழுபது."

"ஏன், மீதி முப்பது?"

"காலையில நேரா போய் அந்தக் கதவைத் திறந்தேனே, அதுக்கு."

இப்போதெல்லாம் அவர் புது இடத்துக்குப் போனால் ஊழியர் ஒருவரைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கழிப்பறையைத் தேடவிடுகிறார். டிரைவர் ஐயா தினமும் தவறாமல் நீலக் கதவுக்கு வண்டி ஓட்டுகிறார்.

உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் இப்படி ஓர் இல்லம் இருக்கும். அதில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். இந்த வாரமே போய்ப் பாருங்கள். வாசலில் நின்று அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். யாரையும் கேட்காமல், பலகையைப் படிக்காமல், கழிப்பறையைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சத்தம் போடுங்கள். எழுதிக் கொடுங்கள். அவர்கள் அசையாவிட்டால் வீட்டிலிருந்து ஒரு நீலப் போர்வை எடுத்துப்போய் நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள்.