சிர்கா நெடி போன கம்பளம்

வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த சாயபு ஒருவர், தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க எங்கள் ஜவ்வாது மலைக்கு லாரியில் வருவார். வரும்போது அவர் வீட்டுக் கம்பளத்தையும் சொந்தக்காரர்கள் வீட்டுக் கம்பளங்களையும் எங்களிடம் வெளுக்கப் போடுவார். கீழே ஆற்றில் தோல் கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீரில் கம்பளத்தை நனைக்க மனசு வரவில்லை என்பார். நானும் என் வீட்டுக்காரரும் ஓடையில் போட்டுத் துவைப்போம். அறுபதுகளின் தொடக்கம், எனக்குக் கல்யாணமான புதிது.

சவக்காரம் போட்டால் கம்பளி சொரசொரத்துவிடும், சாயமும் கசியும். அதனால் கடைசியில் சிர்கா கலந்த தண்ணீரில் அலசுவோம். சிர்கா என்பது புளித்த காடி. சாயபுவே ஜாடியில் கொண்டுவருவார். புளிப்பு பட்டதும் கம்பளி மெத்தென்றாகும். ஆனால் அந்த நெடி லேசில் போகாது.

சாயபுவின் ஒரே மகள் சில சமயம் அவரோடு வருவாள். மூக்கைப் பொத்திக்கொண்டு பாறையில் உட்காருவாள்.

"இன்னாக்கா இது, ஊறுகா ஜாடிக்குள்ள உக்காந்தா மாதிரி கீது."

அவளுக்காகவே சிர்காவைக் குறைத்துப் பார்த்தேன். சிர்காத் தண்ணீருக்குப் பிறகு வெறும் ஓடைத் தண்ணீரில் இன்னொரு முறை அலசினேன். மூங்கில் கழியில் காற்று வாக்கில் போட்டு, அடிவரை காயாமல் மடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். உள்ளே ஈரம் நின்றால் புளிப்போடு ஆட்டு வாடையும் சேர்ந்துகொள்ளும். காய்ந்த கம்பளத்தில் அவள் முகத்தைப் புதைத்து முகர்வாள். "இன்னும் கீதுக்கா" என்றால் மறுபடி ஓடைக்கு. எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் வராத நாள் வேலை ஓடாது.

அவளுக்குக் கல்யாணமானது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று சாயபு சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த முறை லாரி வந்து நின்றும் அவர் வெகுநேரம் இறங்கவில்லை.

"போய்ட்டாம்மா. கொழந்தையும் தங்கல" என்றார். சுருட்டிய கம்பளத்தை அவரே தூக்கி வந்தார். "இதுமேலதான் படுத்துனு இருந்தா. ரத்தம், மருந்து... வூட்ல வெக்க முடியல. ஒரு வாடையும் இருக்கக் கூடாது."

நான் பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு துவைத்தேன். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ரத்தத்தை எடுத்தேன். வீட்டுக்காரர் தொட வந்தபோது வேண்டாம் என்றேன். காய்ந்ததும் முகர்ந்தேன். மருந்தும் இல்லை, சிர்காவும் இல்லை.

சாயபு எடுத்துப்போன பிறகு ஒரு நாள், அவர் மனைவி தன் தம்பியோடு ஜீப்பில் வந்தார். அவர் மலை ஏறியது அதுதான் முதல் தடவை.

"நான் நெனவில்லாம கெடந்தப்போ கம்பளத்த எடுத்தாந்துட்டாரு. என்னை ஒரு வார்த்த கேக்கல" என்றார். "தலமாட்டுப் பக்கம் அவ எண்ணெ வாசன இருந்திருக்கும். ஒரு முடியாச்சும் கெடச்சுதாம்மா?"

"இல்லீங்கம்மா. ஓடையில போயிருக்கும்."

அவர் ஓடை போகும் திசையைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். என் கையில் சிர்கா வாடைதான் இருந்தது. அவர் விடவில்லை; நானும் இழுக்கவில்லை.

அதற்குப் பிறகும் மற்ற வீட்டுக் கம்பளங்கள் வந்தன. அவர்கள் வீட்டுக் கம்பளம் வரவில்லை. அந்த அம்மா அதைத் தரையில் விரிக்கவே விடுவதில்லை, பெண் படுத்திருந்த அறையில் சுருட்டி வைத்திருக்கிறார் என்று லாரி டிரைவர் சொன்னார்.