பியர் லைசன்ஸும் ஜன்னலோர மேசையும்

தொண்ணூறுகளின் நடுவில் நான் புலம்பெயர்ந்த நாட்டில், பார்க்டேல் என்ற நகரப்பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கேட்டால் பின்னேரமாகிவிட்டது என்று அர்த்தம். கடையை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். குளித்துத் திருநீறு பூசாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். வெற்றிலைகூடப் போடாத மனிதர். அப்படிப்பட்டவருக்குத்தான் பியர் விற்க லைசன்ஸ் தேவைப்பட்டது.

காரணம் அவருடைய கொத்துதான். ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் மட்டும் வந்துகொண்டிருந்த கடைக்கு மெல்ல மெல்ல வெள்ளைக்காரரும் வரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெருக்களில் படம் கீறுகிறவர்கள், கிற்றார் வாசிக்கிறவர்கள். இரண்டு வாய் சாப்பிட்டதும் முகம் சிவந்து, கண்ணீர் வழிய, பியர் இருக்கா என்று கேட்பார்கள்.

"நான் மோர் குடுக்கிறன் பிள்ளை," என்று ஒருநாள் என்னிடம் முறையிட்டார். "குடிச்சிட்டு இன்னும் கூட அழுகிறாங்கள்."

"மோருக்கை என்ன போடுறியள் அண்ணை?"

"பச்சைமிளகாய்தான். பின்னை என்ன போடுறது?"

லைசன்ஸ் கொடுப்பது மாகாண அரசாங்கத்தின் வேலை. ஆனால் அக்கம்பக்கத்தில் யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால் நகரசபை அதை விசாரித்துத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் எதிர்த்திருந்தார். யாரென்று அண்ணைக்குத் தெரியாது. தெரியாததால் அவரே ஓர் ஆளைத் தீர்மானித்தார்: அடுத்த கடையில் துணி வெளுக்கிற போர்த்துக்கேயர். அதுவரை அந்த மனிதருக்குத் தினமும் பத்து மணிக்கு இரண்டு வடை போய்க்கொண்டிருந்தது. அது நின்றது. அவர் ஒன்றும் விளங்காமல் சில நாட்கள் பத்து மணிக்கு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

விசாரணைக்கு மொழிபெயர்க்க வரமுடியுமா என்று அண்ணை கேட்டார். ஊரில் நான் இங்கிலீஷ் ரீச்சராக இருந்தவள் என்பதால் பார்க்டேலில் பாதிப் பேரின் வருத்தங்கள் எனக்குத் தெரியும். பல்லு டொக்டரிடம், உதவிப்பணம் தருகிற வெல்ஃபெயர் கந்தோரில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் என்று எங்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சரி என்றேன்.

அடுத்த நாள் ஓவசியர் அங்கிளும் கேட்டார். ஊரில் றோட்டு இலாகாவில் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கு எதிர்ப்பக்கத்து அப்பார்ட்மெண்டில் மனைவியோடு இருந்தார். பின்னேரம் நாலு மணிக்குக் கடைக்கு வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் ஏழு மணிக்குத்தான் எழும்புவார். ஒரு தேத்தண்ணி, சில நாளைக்கு ஒரு றோல். கடையின் மேசை கதிரைகளில் ஒன்று மாதிரி.

"செவ்வாய்க்கிழமை நகரசபையிலை ஒரு சின்ன அலுவல் பிள்ளை. நீயும் வரோணும்."

அண்ணைக்கு ஆதரவாகப் பேசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

செவ்வாய்க்கிழமை நானும் அண்ணையும் நேரத்தோடு போய்விட்டோம். அண்ணை கல்யாணத்துக்குத் தைத்த கோட் சூட்டைப் போட்டிருந்தார். வயிற்றுப் பொத்தான் மட்டுமட்டாகத்தான் பூட்டியது, அதனால் மூச்சை உள்ளே இழுத்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஓவசியர் அங்கிள் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி, எங்களுக்கு அன்ரி, பட்டுச்சேலைக்கு மேலே குளிர்கோட்டோடு. அங்கிளைக் கண்டதும் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியே பிள்ளை, இந்த வயசிலை எனக்காகக் குளிருக்குள்ளை வந்திருக்கிறார்."

அங்கிள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. மறுபக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்தார்.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் ஒரு பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முதலில் அண்ணையைக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று, அவர் சொன்னதை அப்படியே "நான்" என்று மொழிபெயர்த்தேன். நான் ஒழுங்காகக் கடை நடத்துகிறேன். என் வாடிக்கையாளர்கள் உறைப்புத் தாங்காமல் தவிக்கிறார்கள். எனக்கு இந்த லைசன்ஸ் வேண்டும். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எதிர்ப்பவர் வரலாம் என்றார் தலைவி. அங்கிள் எழும்பினார். எழும்பி, என்னைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"வா பிள்ளை."

அண்ணை மூச்சை விட்டுவிட்டார். ஒரு பொத்தான் தெறித்து எங்கேயோ போய் விழுந்தது.

என்ன செய்வது? போனேன். அங்கிளுக்குப் பக்கத்தில் நின்று, அதே மைக்கில், அதே குரலில், "நான் இந்த லைசன்ஸைக் கடுமையாக எதிர்க்கிறேன்" என்றேன். தலைவி கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் உண்மையில் எந்தப் பக்கம்?"

"நான் மேல்மாடி," என்றேன். பதற்றத்தில் வந்துவிட்டது. சபை முழுதும் சிரித்தது. பிறகு இரண்டு பேருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர் என்று விளக்கினேன். அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்து, இரு தரப்புக்கும் சம்மதம் என்றால் சரி என்றார்கள். அண்ணையைப் பார்த்தேன். அவர் தலையாட்டினாரா, நடுங்கினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அங்கிள் பண்பாடு பற்றிப் பேசினார். இளம் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பேசினார். றோட்டு ஓரம் மதுக்கடை வந்தால் விபத்துக் கூடும் என்று தன் தொழில் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டார். பொறுமையாகக் கேட்ட ஒரு நகரசபை உறுப்பினர், கன்னமீசை வைத்தவர், கேள்வி கேட்டார்.

"இந்தக் கடைக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா?"

"ஒவ்வொரு நாளும்."

"சத்தம், சண்டை ஏதாவது?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை."

"சாப்பாடு எப்படி?"

"கொத்து திறம். தேத்தண்ணிக்குத்தான் சீனி கூட."

"அப்படியானால், ஐயா, இந்த லைசன்ஸால் உங்களுக்கு என்ன பாதிப்பு?"

அங்கிள் தொண்டையைச் செருமினார். ரையைத் தளர்த்தினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, இரகசியம் சொல்வதுபோல் சொன்னார்:

"பிள்ளை, இவையளுக்கு இதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. இப்ப நான் கடைக்குப் போறன் எண்டால் மனுசி ஒரு கேள்வியும் கேக்கிறேல்லை. அங்கை குடிவகை வந்துதெண்டால் அடுத்த நாளே மறிச்சுப்போடுவா. பிறகு அந்த ரெண்டு அறைக்குள்ளை விடிஞ்சாப் பொழுதுபட்டா அவவின்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு இருக்கோணும். செத்துப்போவன்."

அவர் இரகசியம் சொன்னது மைக்குக்குள். கூரையில் இருந்த எல்லா ஸ்பீக்கரிலும் அது தெளிவாக ஒலித்தது. சபையில் விளங்கிக்கொண்டவர்கள் நாலு பேர்: அங்கிள், நான், அண்ணை, இரண்டாம் வரிசையில் அன்ரி.

"என்ன சொல்கிறார்?" என்றார் தலைவி.

"ஓய்வுபெற்றவர்களுக்குப் போக வேறு இடமில்லை என்கிறார்," என்றேன்.

பின்னாலிருந்து அன்ரியின் குரல் வந்தது. "பிள்ளை. அவர் சொன்னதை முழுசாச் சொல்லு. ஒண்டையும் விடாதை."

சொன்னேன். வேறு வழியில்லை. கன்னமீசைக்காரர் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். குனிந்த முதுகு குலுங்கியது. அதற்குள் அன்ரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு வந்துவிட்டார். பெயர் கொடுக்காதவர்கள் பேச முடியாது என்று ஒரு அதிகாரி எழும்பினார். தலைவி அவரை இருக்கச் சொன்னார்.

"நான் ஏன் கேள்வி கேக்கிறேல்லை எண்டு இந்த மனுசன் நினைக்குது?" என்றார் அன்ரி. "நாலு மணிக்கு இவர் இறங்கிப்போனாப் பிறகுதான் எனக்கு மூச்சு வாறது. வீடியோவிலை ஒரு படக்கொப்பியைப் போட்டிட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருந்து பாப்பன். இவர் இருந்தால் ரீவியைப் பாத்துக் கதைச்சுக்கொண்டே இருப்பார். கடையிலை பியரை வித்தாலும் சரி, சாணியை வித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் இவர் நாலு மணிக்குப் போய் ஏழு மணிக்குத்தான் வரோணும். அதை மட்டும் உங்கடை சட்டத்திலை போட்டுத் தாங்கோ."

சாணி என்பதை 'உரம்' என்று மாற்றி, மிச்சத்தை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். எங்களுக்குப் பிறகு வேறு விஷயத்துக்காகக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பதினொரு மணிக்குக் கடை பூட்ட வேண்டும், சாப்பாட்டோடு மட்டும்தான் பியர் கொடுக்க வேண்டும், வெளியே மேசை போடக்கூடாது. இந்த நிபந்தனைகளோடு எதிர்ப்பில்லை என்று குழு தீர்மானித்தது. அன்ரி கேட்ட நிபந்தனையை வைக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று தலைவி வருத்தத்தோடு சொன்னார்.

நாலு பேருக்கும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும், தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஒரே ஸ்ரீற்கார்தான். அங்கிளும் அன்ரியும் முன்னால், நானும் அண்ணையும் பின்னால். அண்ணை கோபத்தில் இருக்கிறார், இறங்கியதும் ஏதோ நடக்கப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் அவர் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அண்ணை, சீனி கூட எண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே நீங்கள்," என்றார். குரல் உடைந்திருந்தது.

அங்கிள் திரும்பவில்லை. "நீர் ஆசையாப் போட்டுத் தாறீர். எப்பிடிச் சொல்லுறது?" என்றார் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி.

அடுத்த நாள் காலை போர்த்துக்கேயருக்கு நாலு வடை போனது. அவருக்கு அதுவும் விளங்கவில்லை.

லைசன்ஸ் வந்தபோது அதைச் சுவரில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும் என்றார்கள். நல்ல இடத்தில் பிள்ளையார் இருந்தார். அண்ணை ஒரு நாள் முழுக்க யோசித்து, பிள்ளையாரைச் சமையலறைக்கு மாற்றினார். "அவர் பாக்கத் தேவையில்லை," என்றார். முதல் பியரைத் திறக்கத் தெரியாமல் கிற்றார்க்காரரிடமே கொடுத்துத் திறப்பித்தார். அவர்கள் பியரைக் குடித்தார்கள், அழுதார்கள், பிறகு மோரும் கேட்டார்கள்.

ஆனால் அங்கிள் வரவில்லை. ஜன்னலோர மேசையில் யாரையும் இருக்கவிடாமல் அண்ணை ஒரு தண்ணீர்ச் சாடியை வைத்துக் காத்திருந்தார். இரண்டு கிழமை போனது. ஒரு மத்தியானம் அன்ரியே கடைக்கு இறங்கி வந்தார்.

"தம்பி, உம்மைக் கும்பிட்டன், வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போம். படத்திலை ஆர் கெட்டவன் எண்டு எனக்கு முன்னுக்கே சொல்லிப்போடுறார்."

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவைத் தட்ட முன்பே அது திறந்ததாம். அங்கிள் கோட், தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டபடி நின்றாராம். அன்ரி கடைக்கு இறங்கிப் போனதிலிருந்து அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் போல.

"வெளியிலை குளிரே?" என்று அங்கிள் கேட்டாராம்.

"ஓம் அண்ணை. வாங்கோ."