தங்கையின் சிறுவாட்டுக்கு மாப்பிள்ளையின் கையெழுத்து

"…அப்ப இது நான் பாக்கக் கூடாத காசுதானேக்கா?"

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் வைத்திருந்த தையல் கடையில், ஆகஸ்ட் மாதத்து மத்தியான வெயிலில், வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என் தங்கை வீட்டுக்காரர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார். கையில் கொடுத்த டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

மியூச்சுவல் ஃபண்டுக்கு பான் கார்டு கட்டாயம் என்று சட்டம் வந்த சமயம் அது. அவர் இந்த ஊரில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு போனவர். பாரிஸ் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணமாகித் தங்கை அங்கே போனபோது அவளுக்கு அந்த ஊர் பாஷையில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. எனக்கோ மனசு அடித்துக்கொண்டது. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனாலும் கண்காணாத தேசம். "உனக்குன்னு ஒரு கைப்பணம் இருக்கட்டும்டி. யாருக்கும் சொல்லாத" என்று காதில் ஓதி அனுப்பியவள் நான்தான்.

கடைக்கு வரும் ஒரு அம்மா சொல்வார்: "புருஷனுக்குத் தெரிஞ்சா அது காஸ் சிலிண்டருக்குப் போயிடும்மா. தெரியாம இருந்தாத்தான் நமக்குன்னு நிக்கும்." நான் அதிகம் படிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்தபடி பத்துப் பேர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் உலகம் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

தங்கைக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை கிடைத்தது. வக்கான்ஸ் என்று லீவுக்கு ஊருக்கு வருகிற பெண்கள் என்னிடம்தான் ரவிக்கை தைக்கக் கொடுப்பார்கள். அந்தத் துணிப் பைக்குள் அவள் கொடுத்துவிட்ட பணமும் வரும். அதை மாற்றி, எங்கள் தெரு ஏஜெண்டிடம் சொல்லி, அவள் பெயரிலேயே ஃபண்டில் போட்டேன். விலாசம் என் வீட்டு விலாசம். வருஷக்கணக்காக இப்படித்தான் சத்தமில்லாமல் நடந்தது.

அந்த வருஷம் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் கடையில் எனக்கு ஒத்தாசையாக ஹூக் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏஜெண்ட் பான் கார்டு கேட்டு வந்தார். அவள் பாரிசில் இருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வெளிநாட்டுல இருக்கறவங்க பேர்ல உள்ளூர் விலாசமா? மாத்தணும்மா" என்றார். போகிற போக்கில், "அங்க வரி கட்டுறாங்கள்ல, அங்கயும் இதைச் சொல்லணுமாம். என் கஸ்டமர் ஒருத்தர் சொன்னாரு. எதுக்கும் விசாரிச்சுக்குங்க" என்று ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனார்.

விசாரித்தோம். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்கு அரசாங்கத் தாள் எழுதிக் கொடுக்கிற அம்மா ஒருவர் டவுனில் இருந்தார்; எல்லோருக்கும் அவர் மதாம், அவருக்கு ஆம்பளைகள் எல்லோரும் மிசே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொல்லித்தான் ஆகணும்மா. நாமளா போய்ச் சொன்னா ஏதோ அபராதத்தோட போயிடும். அவங்களா கண்டுபிடிச்சா கதை வேற" என்றார்.

"வித்துட்டுப் பேசாம இருந்துட்டா?" என்று கேட்டாள் தங்கை.

"வித்தா இத்தனை வருஷம் இருந்தது இல்லன்னு ஆயிடுமா?"

அபராதத்துக்குக்கூட அவள் பயப்படவில்லை. அடுத்து மதாம் சொன்னதற்குத்தான் முகம் வெளுத்துப் போனாள். அங்கே வரிக் கணக்கு புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சேர்த்து ஒன்றுதானாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றே சேர்த்த பணம். அதற்கு அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். இதை எங்கே போய்ச் சொல்வது? அதிலும் அவர் வரி விஷயத்தில் ரொம்ப சுத்தம். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதுவார் என்று தங்கையே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது அதை நினைத்துத்தான் அழுதாள். "அவரும் பொய்க் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடுச்சேக்கா. இனிமே என்னை நம்புவாரா?" என்றாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீராம்பட்டினம் தேருக்குக் கூப்பிட்டதற்கும் தலைவலி என்று படுத்துவிட்டாள்.

ஆரம்பித்து வைத்தவள் நான். அதனால் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அளவு எடுக்கிற சாக்கில் அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். துணி மாற்றுகிற திரைக்குப் பின்னால் தங்கை நின்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க மேல சந்தேகப்பட்டு இல்ல தம்பி. எங்க வழக்கம் அப்படி" என்றேன். எனக்கே அது நல்ல பதிலாகப் படவில்லை.

அவர் திரைக்கு அடியில் தெரிந்த தங்கையின் கால்களைப் பார்த்துப் பேசினார். "வருஷா வருஷம் நான் காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுவியே. அப்பல்லாம் ஒரு வார்த்தை சொல்ல வரலயா?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஊர்ல இருக்கற காசை அங்க சொல்லணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நாளைக்கு அந்த மதாம் வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்தார். அன்றைக்குத்தான் தங்கை வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் எனக்கு முழுசாக நிம்மதி வரவில்லை. சிரித்தவர் நாளைக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். பார்த்தால் ஒரு கணக்கு மனசில் ஓடும். வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. கேட்காமலே அது குடும்பப் பணமாகிவிடும். தங்கைக்கும் அந்த நினைப்புதான். ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபண்ட் கம்பெனி பெயர், விலாசம், எப்போது ஆரம்பித்தது, என்ன நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எவ்ளோ இருக்குன்னு எழுத வேணாமா?" என்று மாப்பிள்ளைதான் கேட்டார். நான் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்தத் தாள்ல அதைக் கேக்கல மிசே. இருக்குதுன்னு சொன்னாப் போதும். வித்து லாபம் கையில வாங்கினா அப்ப அதுக்குத் தனியா எழுதணும்."

அதன்பிறகு அவர்கள் ஊர் திரும்பியதும், அங்கே கொஞ்சம் அபராதம் கட்டியதும், அது அவர் சம்பளத்திலேயே போனதும் தங்கை போனில் சொல்லித் தெரியும். பெரிய ஆபத்து ஒன்றும் வரவில்லை, பிழைத்தோம். ஆனால் ஒரு மனிதரை நம்பலாமா என்று யாராவது என் கடையில் பேச்செடுத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அபராதமோ வரியோ இல்லை. அந்த மதாம் வீட்டு மேசைதான்.

அன்றைக்கு மதாம் நம்பர் வேண்டும் என்றதும், கம்பெனியிலிருந்து வந்திருந்த கணக்குத் தாளை நான் பையிலிருந்து எடுத்தேன். மூன்றாக மடித்திருந்தது. நம்பர் மேலே, தொகை கீழே. தங்கையிடம் கொடுப்பதா, மாப்பிள்ளையிடம் கொடுப்பதா என்று என் கை நடுவில் நின்றது. அவரே வாங்கிக்கொண்டார். மேல் மடிப்பை மட்டும் தூக்கி, தாளைத் தங்கை பக்கம் திருப்பி, "நம்பரை நீ படி" என்றார். அவள் திக்கித் திக்கிப் படித்து முடிக்கும்வரை, மற்ற மடிப்பு திறந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.